பாலைவனத்து மண்ணும் ஹோர்சன்ஸ் குழாய்த் தண்ணீரும்

டென்மார்க்கில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் "சாதித்தவர்கள்" என்று ஒரு பகுதி வருகிறதாம். அதற்கு எழுதித் தரும்படி இரண்டு பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் இங்கே பிறந்து, இங்கேயே பொறியியல் படித்தவர்கள். "அங்கிள், நீங்கள் வெளிநாட்டு அணைக்கட்டு எல்லாம் செய்தனீங்கள் எண்டு அப்பா சொன்னவர்" என்றாள் ஒருத்தி. அப்பாமாருக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். நான் ஓர் அணையும் கட்டவில்லை. ஹோர்சன்ஸ் நகரத்து ஓரத்தில் ஒரு மண் ஆய்வுகூடத்தில் இளைப்பாறும்வரை மண்ணைக் காயவைத்து, சலித்து, நிறுத்துக் கொண்டிருந்தவன்.

மற்றவள் அந்த ஆய்வுகூடத்திலேயே இப்போது வேலை செய்கிறாள். மண் கட்டி தண்ணீரில் கரைகிற விதத்தை இனிமேல் கமராதான் பார்க்கும், கணினிதான் தரம் பிரிக்கும் என்று சொன்னாள். நான் கவலைப்படுவேன் என்று எதிர்பார்த்தாள்போல. எனக்குச் சந்தோசம்தான். கமராவுக்கு விடுமுறை அவசரம் இல்லை, "எனக்குத் தெரியாததா" என்ற எண்ணமும் இல்லை. இரண்டும் எனக்கு இருந்தன. ஆகவே சாதனையை எழுதச் சொன்ன பிள்ளைகளுக்கு என் பிழையை எழுதித் தருகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வேலை படித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. டென்மார்க்கில் ஸ்கீவ என்ற ஊரில் அகதியாக வந்திறங்கி, பகலில் மொழி வகுப்பும் பின்னேரத்தில் இறைச்சித் தொழிற்சாலையில் கழுவுகிற வேலையுமாக மூன்று குளிர்காலம் போனது. பிறகு ஆய்வுகூட உதவியாளர் படிப்பு, பிறகு ஹோர்சன்ஸ். நேர்முகத்துக்குப் போன அன்று என் முன்னால் ஒரு தட்டில் ஈரமான களிமண்ணை வைத்து, "இதை நூல்போல உருட்டும்" என்றார்கள். உருட்டினேன். வேலை கிடைத்தது.

உருட்டச் சொன்னவர் கிர்ஸ்டன், ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர். டென்மார்க்கின் யூலாந்துப் பகுதி, மேற்குக் கரைப் பெண். அந்தப் பக்கத்து ஆட்கள் சொற்களைச் சேமித்து வைத்துச் செலவழிப்பவர்கள். மரக்கட்டைச் செருப்போடு நடப்பார், வருகிறார் என்பது நாலு அறைக்கு முன்னாலேயே தெரியும். யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஏதாவது பிழைத்துவிட்டால் "யார் செய்தது?" என்று கேட்கமாட்டார். "எப்ப நடந்தது?" என்றுதான் முதலில் கேட்பார். அவர் பேசியது டேனிஷ். பின்னால் வரப்போகிற யூசுப்போடு நான் பேசியது ஆங்கிலம். இரண்டையும் எங்கள் பேச்சிலேயே தருகிறேன், வாசிக்க இலேசு.

சேர்ந்த முதல் கிழமையில் ஈர மண்ணைச் சூட்டடுப்பில் வைத்தேன். காய்ந்த பின் நிறுத்தால் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று தெரியும். மறுநாள் காலையில் எடுத்து நிறுத்து எழுதினேன். கிர்ஸ்டன் தட்டைத் திரும்ப அடுப்புக்குள் வைத்தார்.

"காஞ்சிட்டுதே" என்றேன்.

"உம்மட கண்ணுக்குக் காஞ்சிட்டுது. தராசுக்குக் காஞ்சதோ?"

இரண்டு மணித்தியாலம் கழித்து நிறுத்தபோது இன்னும் குறைந்திருந்தது. மேலும் இரண்டு மணித்தியாலம். எடை மாறாமல் நின்ற பிறகுதான் எழுதவிட்டார். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. தட்டு மண்ணுக்கு இவ்வளவு சடங்கா என்று வீட்டில் வந்து வசந்தியிடம் புறுபுறுத்தேன். வசந்தி என் மனைவி, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அந்த மனிசி சரியாத்தானே சொல்லியிருக்கு" என்றாள். வீட்டில் எனக்கு ஆதரவு அவ்வளவுதான்.

வருடங்கள் ஓடின. ஒடென்சே ட்ராம் பாதைக்கு மண் பார்த்தோம், காற்றாலைகளுக்குப் பார்த்தோம், பன்றிப் பண்ணைகளுக்குக்கூடப் பார்த்தோம். நான் கெட்டிக்காரன் என்று பெயர் வந்தது. மண்ணை விரலால் தேய்த்தே இன்ன வகை என்று சொல்லிவிடுவேன், சோதனை அதைத்தான் உறுதிப்படுத்தும். எனக்குத் தலைக்கனம் ஏறிய காலம் அது.

அப்போதுதான் பாலைவனத்து மண் வந்தது. எந்த நாடு என்று சொல்ல வேண்டாம். வறண்ட ஆற்றங்கரையில் சில நூறு வீடுகள் உள்ள ஓர் ஊர். ஆறு என்று பெயர், வருடக்கணக்கில் ஒரு சொட்டும் ஓடாது. ஆனால் மலையில் ஒரு நாள் மழை கொட்டினால் ஒரு மணித்தியாலத்துக்குள் வெள்ளம் ஊருக்குள் நிற்கும். இரண்டு தடவை வீடுகளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஊருக்கு மேலே ஒரு மண் அணை கட்டி, வெள்ளத்தை மறித்து, ஒரு குழாய் வழியாக மெல்ல மெல்ல விடுவது என்பதுதான் திட்டம். குளக்கட்டு மாதிரித்தான், ஆனால் வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். வடிவமைத்தது ஒரு டேனிஷ் நிறுவனம், மண் பார்க்கும் வேலை எங்களுக்கு.

மண்ணை அனுப்பியவர் யூசுப். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பொறியியலாளர். பெட்டிகள் சுங்கத்தில் மாட்டியதால் அடிக்கடி தொலைபேசியில் கதைக்க வேண்டி வந்தது, நல்ல பழக்கமாகிவிட்டோம். பெட்டிகளில் மண் தோண்டிய இடத்தைத் தானே எழுதி ஒட்டியிருந்தார். நாலாம் பெட்டியில் "என் அம்மாவின் வீட்டுக்குப் பின்பக்கம்" என்று இருந்தது. கேட்டபோது சிரித்தார். "அணையில இருந்து மூண்டாவது வீடு. அணை நிண்டா அம்மா நிப்பா" என்றார்.

சில களிமண்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காய்ந்திருக்கும்போது கல்லுப்போல இருக்கும். தண்ணீர் பட்டதும் துகள் துகளாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். அப்படிப்பட்ட மண்ணில் கட்டிய அணையில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலே போதும், முதல் வெள்ளத்திலேயே துளை பெருத்து அணை போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவு மண் கட்டியைக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மெல்ல வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கட்டியைச் சுற்றித் தண்ணீர் கலங்கினால் ஆபத்து. தெளிவாகவே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. சந்தேகம் வந்தால்தான் அடுத்த சோதனை. தண்ணீர் வடித்தெடுத்த சுத்தத் தண்ணீராக இருக்க வேண்டும் என்று செய்முறையில் எழுதியிருக்கிறது.

அது யூலை மாதம். டென்மார்க் யூலையில் பூட்டிக்கொள்ளும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கிர்ஸ்டன் விடுமுறையில். எங்கள் தண்ணீர் வடிக்கும் கருவியின் வடிகட்டி தேய்ந்துபோயிருந்தது, புதியது வர மூன்று கிழமை செல்லும் என்றார்கள். எனக்கும் அடுத்த கிழமை விடுமுறை, வசந்தியோடு கனடாவுக்கு ரிக்கற் போட்டாயிற்று. குழாயைத் திறந்து கிண்ணங்களை நிரப்பினேன்.

களவாகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். மனச்சாட்சி ஒரு முள்ளும் குத்தவில்லை. டென்மார்க் குழாய்த் தண்ணீர் போத்தல் தண்ணீரைவிடச் சுத்தம் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். யாழ்ப்பாணத்தானுக்கோ தண்ணீரில் இரண்டே வகை: நல்ல தண்ணி, உவர்த் தண்ணி. வாயில் வைத்து உப்புக் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணி, கதை முடிந்தது. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பை நாங்கள் ஒரு குற்றமாகவே எண்ணுவதில்லை, அது எங்கள் கிணறுகளிலும் உண்டு. சுண்ணாம்புத் தண்ணீரில் வளர்ந்தவன் இன்னொரு சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, சுத்தம் என்று முத்திரை குத்திவிட்டான்.

கட்டிகள் அசையாமல் இருந்தன. தண்ணீர் பளிங்கு. "பயமில்லை" என்று எழுதினேன். கிர்ஸ்டன் திரும்பி வந்து கையெழுத்து வைத்தார், அறிக்கை போனது. செப்டெம்பரில் அங்கே அணை எழும்பத் தொடங்கியது.

ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாத மழை. சைக்கிளை நிறுத்தப் போனபோது, கழிவு மண் போடும் தொட்டிக்குப் பக்கத்தில் யூசுப்பின் நாலாம் பெட்டியைப் பார்த்தேன். மிச்ச மண்ணை யாரோ கொட்டுவதற்கு வெளியே வைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். பெட்டி நிறைய மழைத்தண்ணீர், பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில். முதல்நாள் மாலையே மழை விட்டிருந்தது. இரவு முழுக்க அசையாமல் நின்ற தண்ணீரில் மண் அடியில் அடைந்து, தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போகும்போதும் அதே நிறம்.

இதற்கிடையில் மத்தியானமே உள்ளே போய் இரண்டு கிண்ணம் வைத்திருந்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் வடித்த தண்ணீர். இரண்டிலும் ஒரே பெட்டியின் மண் கட்டி. குழாய்த் தண்ணீரில் கட்டி பழையபடி கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது. மற்றக் கிண்ணத்தில் பத்து நிமிடத்துக்குள் கட்டியைச் சுற்றி ஒரு புகை கிளம்பி, அடிமுழுக்கப் பரவி, விளிம்பைத் தொட்டது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புதான் களிமண் துகள்களைப் பிரியவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பாலைவனத்தில் பெய்யப்போகிற மழையில் சுண்ணாம்பு எங்கே இருக்கும்?

கிர்ஸ்டன் அன்று வெளி வேலையில். சொல்ல ஆளில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"என்னப்பா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் வசந்தி.

சொன்னேன். சொல்லிவிட்டு, "ஒருத்தருக்கும் தெரியாது. அணை நிண்டாலும் நிக்கும்" என்றேன்.

"நிண்டாலும் நிக்குமோ?" கறிக் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "எங்கட இடத்தில மருந்துக் குளிசை மாறிக் குடுத்திட்டா அண்டைக்கே எழுதிக் குடுக்கவேணும். ஆள் நல்லா இருந்தாலும் எழுதவேணும். உங்களுக்கு வேலை போனா வேற வேலை தேடலாம். யூசுப்பின்ர தாய்க்கு வீடு போனா?"

"தமிழன் பிழைவிட்டிட்டான் எண்டு சொல்லுவாங்கள்."

"சொல்லட்டும். விட்டது தமிழன்தானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவன், அந்தச் சோற்றையும் சாப்பிடாமல் எழும்பினேன்.

அடுத்த நாள் காலை கிர்ஸ்டனின் அறைக் கதவைத் தட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எப்ப நடந்தது?"

"யூலை. நீங்கள் விடுமுறையில இருக்கேக்க."

அவர் எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனார். வடித்த தண்ணீரின் சீல் உடைக்காத கலன் ஒன்றைத் தானே திறந்தார். "நீர் பக்கத்தில இரும். ஒண்டையும் தொடவேண்டாம்" என்றார். எல்லாப் பெட்டிகளிலும் இருந்து கட்டி எடுத்து, பன்னிரண்டு கிண்ணம் வைத்து, இரண்டு நிமிடத்தில் ஒருதரம், ஒரு மணித்தியாலத்தில் ஒருதரம், ஆறு மணித்தியாலத்தில் ஒருதரம் பார்த்துப் பென்சிலால் எழுதினார். நடுவில், செய்யாமல் விட்ட அடுத்த சோதனையையும் செய்தார். இறுக்கிய மண்ணில் ஊசியால் ஒரு துளை போட்டு, அதற்குள்ளால் மெல்லத் தண்ணீரை விடுவது. ஐந்து நிமிடத்தில் மறுபக்கத்தால் தண்ணீர் மண்ணிறமாக வந்தது. மண்ணை வெட்டிப் பார்த்தபோது ஊசித் துளைக்குள் பென்சில் போகும் அளவு இடம் இருந்தது. அந்த ஒரு நாள் முழுக்க அவர் என்னை ஏசவும் இல்லை, பார்க்கவும் இல்லை. இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆறு மணித்தியாலக் கணக்கை எழுதி முடித்ததும் வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "எங்கட ஆய்வுகூடம் பிழையான அறிக்கை தந்திருக்குது. வேலையை நிப்பாட்டுங்கோ" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு தொலைபேசியை என் பக்கம் தள்ளினார்.

"யூசுப்புக்கு நீர் சொல்லும்."

"நானோ?"

"கையெழுத்து என்ர. ஆனா அவர் நம்பினது உம்மை."

அந்த அழைப்பைப்போல ஒரு பாரமான வேலையை என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை. அணை மண் தண்ணீரில் கரையும், எங்கள் அறிக்கை பிழை என்று சொன்னேன்.

"அந்தக் கடதாசியை நான் பள்ளிவாசல் முத்தத்தில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான்" என்றார் யூசுப். "என்ன பிழை விட்டனீங்கள்?"

"தண்ணி. குழாய்த் தண்ணியில பார்த்திட்டன். மழைத்தண்ணி மாதிரிச் சுத்தத் தண்ணியில பார்த்திருக்கவேணும்."

"மழையே விடாத நாட்டில இருந்துகொண்டு, உங்களுக்கு மழைத்தண்ணி கிடைக்கேல்லையோ?"

பிறகு அவரே தொடர்ந்தார்.

"நான் இப்ப அம்மாவை வீட்டை விட்டு எழுப்பவோ?"

"ஓம். மழைக்கு முதல் எழுப்புங்கோ. கீழ் வரிசை ஆட்கள் எல்லாரையும்."

அவருடைய அம்மா கட்டிலோடு மேட்டில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனார். போக விருப்பமில்லாமல் இரண்டு நாள் சண்டை பிடித்தாராம்.

பாதி எழும்பிய அணையில் வெள்ளம் தங்காமல் போக ஒரு வழி வெட்டினார்கள். பிறகு அணையின் ஊர்ப் பக்கத்து உடலுக்குள் மேலிருந்து கீழாக ஒரு மணல் சுவர் வைத்தார்கள். தேத்தண்ணி வடி செய்கிற வேலைதான் அதற்கும்: தண்ணீரைப் போகவிடும், மண்ணைப் பிடித்து வைக்கும். அடியில் சேர்கிற தண்ணீர் ஒரு சிறு குழாயால் வெளியே வரும். மணல் பரும்படியாக இருந்தாலும் பிழை, நுண்மணலாக இருந்தாலும் பிழை. அந்த மணலைச் சலித்துப் பார்க்கும் வேலையை கிர்ஸ்டன் என்னிடமே தந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளிக்காட்டாமல் சல்லடைகளை எடுத்து அடுக்கினேன். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று தரம் சலித்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, அந்த நாட்டு வானிலையைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினேன். வெள்ளம் வருமுன் அணை போடு என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள். தை பிறந்தபோது மணல் முடிந்து, அணை முழு உயரத்துக்கு வந்தது.

வெள்ளம் மாசிக் கடைசியில் வந்தது. நானும் கிர்ஸ்டனும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம், அவர் கறுத்தப் பாணில் ஈரல் விழுது பூசிக்கொண்டிருந்தார். யூசுப் வீடியோ அழைப்பு எடுத்தார். அவருக்குப் பின்னால் அணை. அணைக்கு அந்தப் பக்கம், தான் பிறந்து இதுவரை பார்க்காத அளவு தண்ணீர் நிற்கிறது என்றார்.

"அடிக் குழாயால தண்ணி வருதோ?" என்றேன்.

"வருது. இப்பதான் தொடங்கினது."

"என்ன நிறம்?"

ஒரு கிளாசில் பிடித்துக் காட்டினார். கலங்கல். கிர்ஸ்டன் பாணைக் கீழே வைத்தார்.

"கிளாசைக் கல்லில வையுங்கோ. அசைக்காதேங்கோ. ஒரு மணித்தியாலம்" என்றேன். புது மணலில் இருந்த தூசி என்றால் அடியில் அடைந்துவிடும். களிமண் என்றால் நாளைக்கும் அடையாது. அந்த ஒரு மணித்தியாலமும் நாங்கள் இருவரும் மேசையை விட்டு எழும்பவில்லை. கிர்ஸ்டன் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

யூசுப் திரும்ப எடுத்தபோது கிளாசின் அடியில் ஒரு மெல்லிய மணல் வளையம். மேலே தண்ணீர் தெளிவு.

"இனி நல்லதோ?" என்றார்.

நான் கிர்ஸ்டனைப் பார்த்தேன். அவர் மூன்று விரலைக் காட்டினார். "மூண்டு நாள். நாளுக்கு இரண்டு தரம் பிடிச்சுக் காட்டச் சொல்லும்" என்றார்.

மூன்று நாளும் காட்டினார். ஆறு கிளாஸ். ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தெளிவு. அந்தப் பக்கத் தண்ணீரும் பெரிய குழாயால் இறங்கி, மூன்றாம் நாள் அணையின் கால்வாசிக்கு வந்துவிட்டது. ஊருக்குள் ஒருவருடைய வாசற்படியும் நனையவில்லை. ஆறாவது கிளாசைப் பார்த்ததும் கிர்ஸ்டன் தலையை ஆட்டினார்.

"யூசுப், அம்மாவைக் கட்டிலோட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். மாதக்கணக்கில் நெஞ்சில் இருந்த பாரம் அந்த ஒரு வசனத்தோடு இறங்கியது. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன, துடைக்கவில்லை.

யூசுப் திரும்பி, தங்கள் மொழியில் யாருக்கோ சத்தமாகச் சொன்னார். படத்துக்கு வெளியே இருந்து ஒரு வயதான பெண்ணின் குரல், நல்ல கோபக் குரல், நீளமாக ஏதோ சொன்னது. யூசுப் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"அம்மா என்ன சொல்லுறா?"

"முதலும் இந்த மனுசன்தானே பயமில்லை எண்டு சொன்னவர், இந்த முறை எந்தத் தண்ணியில பார்த்தவர் எண்டு கேட்கச் சொல்லுறா."

"சொல்லுங்கோ, உங்கட மழைத்தண்ணியில பார்த்தனான் எண்டு" என்றேன்.